மாதம் நிறையாமல் பிறந்தவர்கள்

ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்ற நம்பிக்கை நம் கிராமங்களில் இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. படிப்பறியாத பாட்டிமார்களின் கற்பனை என்று இதை எளிதில் தள்ளிவிட இயலாதபடி, சாஸ்திரங்களிலும் இதற்கு ஓர் ஆசனம் கிடைத்திருக்கிறது. எட்டாம் மாதத்தில் ஓஜஸ் என்னும் உயிர்ச்சாரம் நிலைகொள்ளாமல் அலைகிறது என்றும், ஆகையால் அம்மாதத்தில் பிறக்கும் சிசு ஓஜஸ் இன்றி மடிகிறது என்றும் சுசுருத சம்ஹிதை காரணம் கூறுகிறது. வெகு தூரத்தில், கிரேக்க தேசத்தில், ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்று எட்டாம் மாதக் குழந்தையைப் பற்றியென்றே எழுதப்பட்டு, ஏறக்குறைய அதே தீர்ப்பை வழங்குகிறது. மாதம் நிறையும்வரை கர்ப்பத்தில் கழியும் ஒவ்வொரு வாரமும் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறதே அன்றிக் குறைப்பதில்லை என்று இன்று ஐயமறத் தெரிந்திருக்க, இரண்டு பெரிய நாகரிகங்கள் ஒரே பிழையில் எவ்வாறு ஒன்றுபட்டன என்பது சுவையான கேள்விதான். அந்நாளில் ஏழாம் மாதத்துப் பிள்ளை என்று ஊருக்குச் சொல்லப்பட்டு, நன்றாகவே தங்கி வளர்ந்தவர்களில் சிலர் நிறைமாதப் பிள்ளைகளாகவே இருந்திருக்கலாம் என்பதும், கணக்கு கர்ப்பத்திலிருந்து எண்ணப்படாமல் கல்யாண முகூர்த்தத்திலிருந்து எண்ணப்பட்டிருக்கலாம் என்பதும் என் ஊகம்.

ஆயினும் அந்த நம்பிக்கையில் மாதக் கணக்கைக் காட்டிலும் பெரிய பிழையொன்று உண்டு. பிறந்த மாதமே பிள்ளையின் தலையெழுத்து என்று அது முடிவு கட்டிவிடுகிறது. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளின் வைத்திய சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்பவருக்கு, குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் கதி, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பதைப் பொறுத்திருக்கும் அளவுக்கே, எந்த ஆண்டில், எந்த ஊரில், எவர் கையில் பிறந்தது என்பதையும் பொறுத்து மாறி வந்திருப்பது தெளிவாகப் புலப்படும். அக்குழந்தைகளின் தேக பலவீனங்களையும் பிற்கால வாழ்வையும் பற்றி இன்று நாம் அறிந்திருப்பதை இந்தக் கோணத்திலிருந்தே பார்க்க விரும்புகிறேன்.

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணிக் கர்ப்பகாலம் 40 வாரம் என்பது கணக்கு. 37 வாரம் பூர்த்தியாகுமுன் நிகழ்வது குறைப்பிரசவம். அதிலும் 32 வாரத்துக்கு மேல், 28 முதல் 32 வாரத்துக்குள், 28 வாரத்துக்குக் கீழ் என்று உலக சுகாதார நிறுவனம் மூன்று படிகளைப் பிரித்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன என்பது மதிப்பீடு. அவற்றில் சுமார் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை, வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. ஐந்து வயதுக்குள் நேரும் மரணங்களுக்கு முதற்காரணமாக நிற்பதும் குறைப்பிரசவத்தின் விளைவுகளே. 32 வாரத்திலோ அதற்கு முன்போ பிறந்தவை ஏழை நாடுகளில் பாதிக்குப் பாதி இறந்துபோக, செல்வ நாடுகளில் அநேகமாக எல்லாமே பிழைத்துக்கொள்கின்றன என்ற செய்தியைப் படிக்கும்போது, இயற்கையின் மேல் போடப்படும் பழியில் எவ்வளவு பங்கு மனிதருடையது என்பது தெரிந்துவிடுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளவேண்டும். இரண்டு கிலோ எடையோடு பிறந்த குழந்தை மாதம் நிறைந்து, ஆனால் வயிற்றில் சரியான போஷாக்கின்றி மெலிந்து பிறந்ததாகவும் இருக்கலாம். 33 வாரத்தில், அந்த வாரத்துக்கு உரிய வளர்ச்சியோடு பிறந்ததாகவும் இருக்கலாம். தராசுக்கு இரண்டும் ஒன்று. நுரையீரலுக்கும் மூளைக்கும் ஒன்றல்ல. காரணங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரட்டைக் கர்ப்பம், தாயின் ரத்தக் கொதிப்பு, கர்ப்பப்பையில் தொற்று, முன்பு ஒருமுறை குறைப்பிரசவம் ஆகியிருப்பது ஆகியவை அபாயத்தைக் கூட்டுகின்றன. பல சமயங்களில் எந்தக் காரணமும் அகப்படுவதில்லை. அகப்படாத இடத்தில், மாடிப்படி ஏறினேனே, பப்பாளி தின்றேனே என்று தாய் தன்னையே நொந்துகொள்வதும், அதற்குச் சுற்றத்தார் தலையாட்டுவதும் நம் வீடுகளில் வழக்கமாக நடக்கும் அநியாயம்.

28 வாரத்தில், ஒரு கிலோ எடையில் பிறந்த ஒரு சிசுவை அருகிலிருந்து பார்த்தால், வைத்தியர் வாய் திறப்பதற்கு முன்பே அந்தச் சிறு தேகம் தன் வயதைச் சொல்லிவிடும். சருமம் சிவந்து, மெழுகுத் தாள்போல் மெலிந்து, ரத்தநாளங்கள் யாவும் வெளியே தெரியும். முதுகிலும் தோளிலும் பூனை ரோமம் படர்ந்திருக்கும். காது மடலில் குருத்தெலும்பு இன்னும் உருவாகாமையால், அதை மெல்ல மடித்துவிட்டால் நிமிராமல் மடிந்தபடியே கிடக்கும். நிறைமாதச் சிசுவின் பாதம் முழுவதும் ஓடும் ரேகைகள் இதன் பாதத்தில் காணப்படமாட்டா. கைகால்கள் மடங்காமல், விட்டது விட்டபடி விரிந்து கிடக்கும். தாய்க்குத் தேதி தெரியாத இடங்களில் இத்தகைய அடையாளங்களுக்கு எண் கொடுத்துக் கூட்டியே வாரக் கணக்கை மதிப்பிடுகிறார்கள். இந்தக் குழந்தைக்கு வியாதி ஒன்றுமில்லை. இன்னும் பன்னிரண்டு வாரம் உள்ளே இருந்திருந்தால் தாமாகவே முடிந்திருக்கும் வேலைகள் அதன் ஒவ்வோர் அவயவத்திலும் பாதியில் நின்றிருக்கின்றன; நின்ற வேலையை வெளியுலகத்தின் குளிரிலும் வெளிச்சத்திலும் கிருமிகளின் நடுவிலும் அது முடித்தாக வேண்டும்.

முதல் அபாயம் குளிர். கொழுப்பு கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் சேர்கிறது. உடலுக்குள் உஷ்ணத்தை உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பும் குறைமாதச் சிசுக்களுக்குப் போதவில்லை. நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் தெரியாது. எடைக்கு மிஞ்சிய சருமப் பரப்பின் வழியே நீரும் உஷ்ணமும் ஓயாமல் கசிந்து போகும். நம் சென்னை வெயிலில் குழந்தைக்குக் குளிராவது என்று கேட்பவர்கள், பிரசவ அறையில் மின்விசிறி முழு வேகத்தில் சுழல்வதையும் நனைந்த சிசு ஈரத் துணியில் கிடப்பதையும் கவனித்ததில்லை. மிக முன்னதாகப் பிறந்த சிசுவைத் துடைப்பதற்குக்கூடத் தாமதிக்காமல் கழுத்துவரை பிளாஸ்டிக் உறைக்குள் இட்டு, வெப்பவிளக்கின் கீழ் வைக்கும் இன்றைய வழக்கம் இதிலிருந்து வந்தது.

சூட்டின் அருமையை முதலில் கண்டுகொண்டு அதற்கு உருவம் கொடுத்தவர் பாரிஸ் நகரத்துப் பிரசவ வைத்தியர் ஸ்டெஃபான் தார்னியே. கோழிக் குஞ்சு பொரிக்க வைத்திருந்த வெப்பப் பெட்டியைப் பார்த்து, அதைச் செய்தவரைக் கொண்டே குழந்தைகளுக்கும் ஒன்று செய்யச் சொல்லி, 1880-ஆம் ஆண்டில் தம் மருத்துவமனையில் நிறுவினார். இரண்டு கிலோவுக்குக் குறைந்த சிசுக்களின் மரணம் அங்கே நூற்றுக்கு 66 என்பதிலிருந்து 38-ஆக இறங்கிற்று. அவருடைய சீடர் பியர் பூதேன் மற்றொன்றையும் கவனித்தார்: குழந்தையைப் பெட்டிக்குள் வைத்துத் தாயை வெளியே நிறுத்திவிட்டால், நாளடைவில் தாய்க்குப் பிள்ளையிடம் பற்று குறைகிறது. இந்த எச்சரிக்கையை வைத்திய உலகம் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெட்டி அட்லாண்டிக் கடந்து சென்ற விதம் விசித்திரமானது. நியூயார்க் நகரத்தின் கோனி ஐலண்டு என்ற கடற்கரைக் கேளிக்கைத் தலத்தில், குடைராட்டினங்களுக்கு நடுவே, 1903 முதல் 1943 வரை மார்ட்டின் கூனி என்பவர் குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துக் காட்சி நடத்தினார். பார்வைக்கு வந்தவர்களிடம் 25 சென்ட் வசூலித்து, அந்தப் பணத்தில் செவிலியரையும் பாலூட்டும் செவிலித்தாயரையும் அமர்த்தி, பெற்றோரிடம் ஒரு காசும் வாங்காமல் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார். பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் அத்தகைய குழந்தைகள் ஒதுக்கி விடப்பட்ட காலம் அது. கூனி வைத்தியப் பட்டம் பெற்றவர் என்பதற்கு இதுவரை சான்று கிடைக்கவில்லை. பட்டம் பெற்றவர்கள் கைவிட்டதை வேடிக்கைக் கொட்டகைக்காரர் ஒருவர் எடுத்து நடத்தினார் என்ற இந்தச் செய்தியை வைத்தியக் கல்லூரிகளில் முதல் நாளே சொல்லித்தரலாம்.

சூடு கிடைத்தபின்பும் குறைமாதச் சிசுக்கள் பல மூச்சுத் திணறி இறந்தன. நுரையீரலின் நுண்ணறைகள் ஒவ்வொரு மூச்சிலும் விரிந்து சுருங்குகின்றன. உட்புறம் ஈரமாயிருப்பதால், சுருங்கும்போது, நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதுபோல் அவற்றின் சுவர்கள் ஒட்டிக்கொள்ள முற்படும். அவ்வாறு ஒட்டாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்னும் மெல்லிய கொழுப்புப் படலம். அது கர்ப்பத்தின் பிற்பகுதியில்தான் போதிய அளவில் சுரக்கிறது. இந்தப் படலம் இல்லாமையே அம்மரணங்களுக்குக் காரணம் என்பதை அமெரிக்காவில் மேரி எலன் ஏவரியும் ஜெர் மீடும் 1959-ல் எடுத்துக்காட்டினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1963 ஆகஸ்டு மாதத்தில், ஜனாதிபதி கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாக, இரண்டு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையுடன் பிறந்து, 39 மணி நேரம் மூச்சுக்குப் போராடி இறந்தான். உலகத்தின் சக்தி வாய்ந்த மனிதர் தம் பிள்ளைக்குத் தேடிக் கொடுக்க முடியாதிருந்த சிகிச்சை, இன்று நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் சாதாரண விஷயம். அந்த எடையில், அந்த வாரத்தில் பிறந்த சிசுவை மூச்சுத் திணறலுக்குப் பலி கொடுப்பது இப்போது அரிதாகிவிட்டது.

இந்த மாற்றத்துக்கு வழி திறந்தது ஓர் ஆட்டுக்குட்டி. நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகரில் கிரஹாம் லிக்கின்ஸ், பிரசவ வலி எதனால் துவங்குகிறது என்று ஆடுகளிடம் ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவிலிருக்கும் குட்டிக்கு ஸ்டீராய்டு செலுத்தி முன்கூட்டியே பிறக்கச் செய்தபோது, பிறந்தவுடன் இறந்திருக்கவேண்டிய குட்டியொன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்ததையும், அதன் நுரையீரலில் காற்று புகுந்திருந்ததையும் கண்டார். ராஸ் ஹௌயியோடு சேர்ந்து அவர் தாய்மாரிடம் நடத்திய பரிசோதனை 1972-ல் வெளியாயிற்று: பிரசவத்துக்குமுன் தாய்க்குப் போடும் இரண்டு ஊசி, பிள்ளையின் நுரையீரலை முதிரச் செய்கிறது. மலிவான அந்த ஊசியை அமெரிக்க வைத்தியர்கள் பரவலாக ஏற்றுக்கொள்வதற்கு இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. இதற்கிடையே, சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி நுண்ணறைகளை மூடவிடாமல் வைக்கும் முறையை 1971-ல் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரியும், மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைச் சிசுவின் மூச்சுக்குழாயில் இடும் முறையை 1980-ல் ஜப்பானில் டெட்சுரோ ஃபுஜிவாராவும் கொண்டுவந்தார்கள்.

பிராணவாயுவின் கதை இவ்வளவு சுபமானதன்று. இத்துறையில் நுழையும் எவரும் அதை மறக்கலாகாது என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். 1942-ல் பாஸ்டன் நகரத்துக் கண் வைத்தியர் தியோடர் டெரி, குறைமாதத்தில் பிறந்து பிழைத்த சில குழந்தைகளின் கண்மணிக்குப் பின்னால் வெண்மையான திசு படர்ந்து பார்வை போயிருப்பதை வர்ணித்தார். அடுத்த பத்தாண்டுகளில் அந்தக் குருட்டுத்தனம் கொள்ளைநோய்போல் பரவிற்று. மருத்துவமனை எவ்வளவு வசதியானதோ அவ்வளவு அதிகமாகப் பரவிற்று என்பதுதான் விபரீதம். 1951-ல் மெல்போர்னில் கேட் காம்ப்பெல் என்ற வைத்தியப் பெண்மணி, தாராளமாகக் கொடுக்கப்பட்ட பிராணவாயுவே காரணமாயிருக்கலாம் என்று சுட்டிக்காட்ட, அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் கூடி நடத்திய பரிசோதனை அதை ஊர்ஜிதம் செய்தது. கருப்பையில் குறைந்த பிராணவாயுவில் மெல்ல மெல்ல வளரவேண்டிய விழித்திரையின் ரத்தநாளங்கள், மிகுந்த பிராணவாயுவில் வளர்ச்சி நின்று, பின்பு தாறுமாறாகப் படர்ந்து, விழித்திரையையே இழுத்துப் பெயர்த்துவிடுகின்றன. அதற்குள் உலகில் சுமார் பத்தாயிரம் குழந்தைகள் பார்வை இழந்திருந்தன.

காரணம் தெரிந்ததும் வைத்திய உலகம் மறுகோடிக்கு ஓடிற்று. பிராணவாயுவுக்குக் கடுமையான உச்சவரம்பு விதிக்கப்பட்டது. கண்கள் தப்பின, ஆனால் மூச்சுக்கு ஏங்கி இறந்த சிசுக்களின் எண்ணிக்கை உயர்ந்தது. காப்பாற்றப்பட்ட ஒரு ஜோடிக் கண்ணுக்குச் சுமார் பதினாறு உயிர் பலியாயிருக்கக்கூடும் என்று 1973-ல் இங்கிலாந்தின் கென்னத் கிராஸ் கணக்கிட்டுக் காட்டினார். இந்த வழக்கு முழுமையாகத் தீர்ந்துவிட்டதென்று இன்றும் சொல்வதற்கில்லை. ரத்தத்தில் பிராணவாயுவின் அளவை 85 முதல் 89 சதவீதம் வரையில் வைத்திருந்த குழந்தைகளில் கண்நோய் குறைவாகவும் மரணம் அதிகமாகவும், 91 முதல் 95 வரையில் வைத்திருந்தவற்றில் மரணம் குறைவாகவும் கண்நோய் அதிகமாகவும் காணப்பட்டதாக 2010-ல் ஓர் அமெரிக்கப் பரிசோதனை தெரிவித்தது. உயிர் பெரிதென்று பெரும்பாலோர் இப்போது மேல் வரம்பைப் பின்பற்றி, கண்ணைத் தனியாகக் கண்காணிக்கிறார்கள்.

நம் நாட்டுக்கு இது பழங்கதை அன்று. மேலை நாடுகளில் இப்போது மிகமிகச் சிறிய சிசுக்களையே தாக்கும் இந்நோய், இந்தியாவில் ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்டவற்றையும் பீடிக்கிறது. பிராணவாயு கொடுக்கக் கற்றுக்கொண்ட வேகத்தில், அதை அளந்து கொடுக்கவும் காற்றோடு கலந்து கொடுக்கவும் எல்லா மருத்துவமனைகளும் கற்றுக்கொள்ளவில்லை. 34 வாரத்துக்கு முன் அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தையின் விழித்திரையைப் பிறந்த முப்பது நாளைக்குள் கண் வைத்தியர் பார்த்தாகவேண்டும் என்பது இங்கே விதி. குறித்த காலத்தில் பார்த்தால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் காப்பாற்றலாம். சில வாரம் தவறினால் யாராலும் இயலாது. இந்தப் பரிசோதனையைச் செய்யாமலும், செய்யவேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லாமலும் விட்டதால் பார்வை இழந்த தமிழ்நாட்டுப் பெண்ணொருத்திக்கு 1 கோடியே 80 லட்சம் ரூபாய் நஷ்டஈடு வழங்கும்படி 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தைதான் எடை ஏறி வீட்டுக்கு வந்துவிட்டதே, எதற்கு வெயிலில் மறுபடி தூக்கிக்கொண்டு அலைவது என்று நினைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கண் வைத்தியர் வார்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போகும் ஏற்பாடே சரியானது.

மூளைக்கு வருவோம். அதன் ஆழத்தில், புதிய நரம்பணுக்கள் பிறக்கும் இடத்தில், மிக மெல்லிய ரத்தநாளங்கள் தற்காலிகமாக அமைந்திருக்கின்றன. சுமார் 32 வாரத்துக்குமேல் அவை தாமே மறையத் தொடங்கும். அதற்குமுன் பிறந்த சிசுவின் ரத்த அழுத்தம் திடீரென ஏறி இறங்கினால் அவை வெடித்துக் கசியும். பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் இது நேர்கிறது. சிறு கசிவுகள் தடமின்றி ஆறிவிடுகின்றன. பெரிய கசிவும், ரத்தம் போதாமல் வெண்திசு கருகுவதும் பின்னால் மூளை முடக்குவாதத்துக்கு வழி செய்யக்கூடும். மூச்சு விடுவதையே மறந்துவிடும் இயல்பும் இச்சிசுக்களுக்கு உண்டு. இருபது வினாடி சும்மா கிடந்துவிட்டு, செவிலி உள்ளங்காலைச் சுண்டியதும் விழித்துக்கொண்டு மூச்சிழுக்கும். இதற்குக் கொடுக்கப்படும் மருந்து நம் காப்பியில் இருக்கும் அதே கஃபீன். மூச்சுக்காகக் கொடுக்கப்பட்ட அந்த எளிய வஸ்து, மூளை முடக்குவாதத்தையும் குறைப்பதாகப் பெரியதொரு சர்வதேசப் பரிசோதனையில் பின்பு தெரியவந்தது. இதற்கு நேர்மாறாக, வெண்டிலேட்டரிலிருந்து சீக்கிரம் விடுவிப்பதற்காகப் பிறந்தபின் தாராளமாகக் கொடுக்கப்பட்ட டெக்ஸாமெதஸோன் என்னும் ஸ்டீராய்டு மூளை முடக்குவாதத்தை அதிகப்படுத்தியது. அதே வர்க்க மருந்து பிறக்குமுன் தாய்க்குக் கொடுத்தால் அமிர்தம், பிறந்தபின் சிசுவுக்கு அளவு மீறிக் கொடுத்தால் நஞ்சு.

குடலின் பலவீனத்துக்கு மட்டும் சிறந்த மருந்து பழைய மருந்தேதான். திடீரென்று குடற்சுவர் அழுகிப்போகும் ஒரு கொடிய வியாதி, தாய்ப்பாலே அறியாமல் புட்டிமாவில் வளரும் குறைமாதக் குழந்தைகளில் தாய்ப்பால் குடிப்பவற்றைவிட ஆறு முதல் பத்து மடங்கு அதிகமென்று 1990-ல் ஓர் ஆங்கில ஆராய்ச்சி கண்டது. ஆனால் 34 வாரத்துக்கு முன் பிறந்தவற்றுக்குச் சப்புவதையும் விழுங்குவதையும் மூச்சு விடுவதையும் ஒழுங்காகக் கோத்துச் செய்யத் தெரியாது. ஆகையால் வாய் வழியே வயிற்றுக்கு மெல்லிய குழாய் செலுத்தி, உந்துதண்டை எடுத்துவிட்ட ஊசிக்குழலை அதில் பொருத்தி, செவிலி அதை உயர்த்திப் பிடித்து நிற்க, கறந்த சீம்பால் ஒன்றிரண்டு மில்லியாகத் தன் பாரத்திலேயே இறங்கும். இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, இரவும் பகலும். சற்றுத் தேறிய பிறகு நம் பாட்டிமார்களின் சங்கும் பாலாடையும் வார்டுக்குள் வருகின்றன. புட்டியைவிடச் சுத்தம் செய்ய எளிதென்று நம் வைத்தியர்கள் அவற்றை விட்டுவிடாமல் வைத்திருப்பது எனக்கு மிகுந்த திருப்தி அளிக்கிறது. தாய்க்குப் பால் ஊறாத சமயத்துக்குத் தாய்ப்பால் வங்கிகள் இருக்கின்றன. ஆசியாவிலேயே முதலாவது 1989-ல் பம்பாய் சயான் மருத்துவமனையில் அர்மிடா ஃபெர்னாண்டஸ் என்னும் குழந்தை வைத்தியரால் நிறுவப்பட்டது.

பிறக்குமுன் இருந்து பிறந்ததும் மூடவேண்டிய இதய ரத்தநாளம் மூடாமல் நிற்பது, மஞ்சள் காமாலை, இரும்புச் சத்தைத் தாயிடமிருந்து பெறவேண்டிய கடைசி மாதங்களை இழந்ததால் வரும் ரத்தசோகை, கிருமித் தொற்று ஆகியவற்றைப் பெயர் மாத்திரம் சொல்லி விடுகிறேன். இவற்றில் கிருமித் தொற்றுதான் நம் நாட்டில் அதிக உயிர்களைக் கவர்ந்து செல்கிறது. அதற்குப் பரிகாரம் பெரும்பாலும் சோப்பும் தண்ணீரும், ஒரு செவிலிக்கு எத்தனை குழந்தை என்ற கணக்கும்.

பூதேனின் எச்சரிக்கைக்குச் செவிசாய்த்தது, பணமில்லாத ஊர் ஒன்று. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் ஒரு பெட்டியில் இரண்டு மூன்று சிசுக்களைக் கிடத்தவேண்டிய நிலையில், எட்கர் ரே என்ற வைத்தியர் குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கட்டிவிட்டார். கங்காரு பராமரிப்பு என்று பெயர் பெற்ற அம்முறையை ஏழைகளின் மாற்றுவழி என்றே செல்வ நாடுகள் நெடுங்காலம் கருதின. டில்லி உட்பட ஐந்து ஊர்களின் மருத்துவமனைகளில் நடத்தி 2021-ல் வெளியான பரிசோதனையோ, ஒரு கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்தவற்றைத் தேறும்வரை காத்திராமல் உடனேயே தாயின் மார்பில் சேர்த்தால் மரணம் நாலில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டிற்று. அதற்குத் தாயும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தங்கவேண்டும், அவளுக்கும் அங்கே கட்டில் வேண்டும். வாசலில் "பார்வையாளர் நேரம்" என்று பலகை மாட்டி, பெற்றவளையும் பார்வையாளர் வரிசையில் நிறுத்தும் மருத்துவமனைகள் நம்மிடையே இல்லாமலில்லை.

இனிப் பிற்கால வாழ்வு. ஒன்றை முதலில் சொல்லவேண்டும்: முப்பது வயதில் ஒருவர் எப்படி இருக்கிறார் என்று அறிய முப்பது ஆண்டு காத்திருக்கவேண்டும், அதற்குள் அவர் பிறந்தபோதிருந்த வைத்தியம் பழங்கதையாகியிருக்கும். 1967 முதல் 1983 வரை நார்வேயில் பிறந்தவர்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆராய்ச்சி, நிறைமாதத்தில் பிறந்தவர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்கு இருந்த மூளை முடக்குவாதம், 28 வாரத்துக்கு முன் பிறந்து பிழைத்தவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு இருந்ததாகக் கூறுகிறது. அவர்கள் யாவரும் சர்ஃபாக்டன்ட் வழக்கத்துக்கு வருவதற்குமுன் பிறந்தவர்கள். இன்று பெட்டிக்குள் கிடக்கும் குழந்தையின் ஜாதகத்தை அந்த எண்ணைக் கொண்டு கணிப்பது நியாயமாகாது. அந்த எண்ணிலேயே மறுபக்கமும் இருக்கிறது: நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேருக்கு அவ்வியாதி வரவில்லை.

மிகக் கடைக்கோடியில் இருப்பவர்களின் நிலை கடுமையானது என்பதை மறைக்கலாகாது. 1995-ல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 26 வாரம் நிறையுமுன் பிறந்து பிழைத்தவர்களை ஆறு வயதில் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 22 பேருக்குக் கடுமையான ஊனமும், 24 பேருக்கு நடுத்தரமானதும், 34 பேருக்கு லேசானதும் இருந்தன. எக்குறையுமின்றி இருந்தவர்கள் 20 பேர். ஆனால் குறைமாதத்தில் பிறப்போரில் இத்தகையோர் மிகச் சிறிய பகுதி. பெரும்பான்மையோர் 32 வாரத்துக்குப் பின் பிறந்தவர்கள். அவர்களில் அநேகரை ஐந்தாம் வகுப்பில் மற்றப் பிள்ளைகளிடையே அடையாளம் கண்டுபிடிக்க ஆசிரியரால் இயலாது. 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களில், புத்தியளவுச் சோதனையில் சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு புள்ளி குறைவதும், கவனம் ஓரிடத்தில் நில்லாமையும், கணக்குப் பாடத்தில் தடுமாற்றமும் பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. சராசரி என்பது ஒரு கூட்டத்தைப் பற்றியது. உங்கள் பிள்ளையைப் பற்றி அது அதிகம் சொல்லாது. தாயின் படிப்பும் வீட்டின் நிலையும், மூளையில் பெரிய கசிவு நேராதவர்களிடத்தில், பிறந்த வாரத்துக்கு இணையான செல்வாக்குடன் பள்ளிப் படிப்பைப் பாதிக்கின்றன.

முதல் இரண்டு ஆண்டுகளில் வளர்ச்சியைத் திருத்திய வயதுப்படி பார்க்கவேண்டும் என்ற விதியை எத்தனை வீடுகள் அறியும்? இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு எட்டு மாதமாகும்போது, உட்காருவது, தவழுவது ஆகியவற்றுக்கு ஆறு மாதம் என்றே கணக்கு. தடுப்பூசிக்கு மட்டும் எட்டு மாதம். இது தெரியாமல், அதே வாரம் பிறந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அழுதுகொண்டிருக்கும் தாய்மார்கள் பலர்.

கனடாவில் சரோஜ் சைகல் என்ற வைத்தியப் பெண்மணி, 1977 முதல் 1982 வரை ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் பிறந்தவர்களை வாலிபம்வரை பின்தொடர்ந்தார். ஊனம் உள்ளவர்கள் அவர்களிடையே அதிகம்தான். ஆயினும் படிப்பு, உத்தியோகம், தனியாகக் குடும்பம் நடத்துவது ஆகியவற்றில் பெரும்பாலோர் மற்றவர்களுக்கு அருகிலேயே நின்றார்கள். தங்கள் வாழ்க்கை எத்தகையது என்று அவர்களையே கேட்டபோது, நிறைமாதத்தில் பிறந்தவர்கள் சொன்னதிலிருந்து பெரிய வேற்றுமை இல்லாத விடையே கிடைத்தது. ஊனத்தோடு வாழ்வது எத்தகையது என்று மதிப்பெண் கொடுக்கச் சொன்னபோது, வைத்தியர்களும் செவிலியரும் கொடுத்த மதிப்பெண் அந்த வாலிபர்களும் பெற்றோரும் கொடுத்ததைவிடக் குறைவாயிருந்தது. "இந்தக் குழந்தை பிழைத்து என்ன பயன்" என்று பிரசவ அறையில் ஆலோசனை சொல்லும் உரிமை யாருக்கு எவ்வளவு உண்டு என்று யோசிக்கையில் இந்த முடிவை ஒதுக்கிவைக்க இயலாது.

வாலிபத்தோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. சிறுநீரகத்தின் வடிகட்டிகளான நெஃப்ரான்கள் கர்ப்பத்தின் 36-ஆம் வாரத்தை ஒட்டி உருவாகி முடிகின்றன. மிக முன்னதாகப் பிறந்தவர் குறைந்த எண்ணிக்கையிலான நெஃப்ரான்களோடு ஆயுள் முழுவதும் வாழ்கிறார். ரத்த அழுத்தம் சராசரியாக மூன்று நான்கு புள்ளி அதிகமாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமென்று கருதப்படுகிறது. மூச்சின் கொள்ளளவு குறைவு, இன்சுலினுக்கு உடல் சரிவரப் பணியாமை ஆகியவையும் கண்டறியப்பட்டுள்ளன. 1973-க்கும் 1997-க்கும் இடையில் ஸ்வீடனில் பிறந்தவர்களில், பெரிய வியாதி ஏதுமின்றி உயிரோடிருந்தவர்கள் நிறைமாதத்தாரில் நூற்றுக்கு 63 பேர். குறைமாதத்தாரில் 55 பேர். இடைவெளி இருக்கிறது, ஆனால் அஞ்சிய அளவுக்கு இல்லை. 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களில் மட்டும் அது 22-ஆக இறங்குகிறது.

இத்தனையும் அறிந்திருந்தும், நாற்பது வயதில் தலைசுற்றலோடு வருபவரிடம் சர்க்கரை உண்டா, புகை உண்டா என்று கேட்கும் வைத்தியர், எத்தனை வாரத்தில், எத்தனை எடையில் பிறந்தீர்கள் என்று கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல அவருக்குத் தெரியாது, தெரிந்த அம்மா ஊரில் இருப்பார் அல்லது காலமாகியிருப்பார். குறைமாதப் பிரிவுகளிலிருந்து இப்போது லட்சக்கணக்கில் உயிரோடு வீடு திரும்பும் குழந்தைகள் இன்னும் முப்பது ஆண்டில் அதே நாற்காலியில் வந்து உட்காருவார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் வாரக் கணக்கும் பிறந்த எடையும் எழுதித்தான் தருகிறார்கள்; ரேஷன் கார்டும் சாதிச் சான்றிதழும் வைக்கிற பையில் அதையும் பத்திரப்படுத்தி, பிள்ளை வளர்ந்ததும் அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள் என்று வார்டு வாசலில் சொல்லியனுப்பச் செவிலிக்கு அரை நிமிஷம் போதும்.